ஒரே ஐரோப்பா, ஒரே டெம்ப்ளேட் என்றார்கள்

இன்வாய்ஸ் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்த பிறகு தெரியாமல் போய்விட்டது.

சரக்கை விற்கிறோம், பில் போட்டு அனுப்புகிறோம், அவ்வளவுதானே என்பீர்கள். அமெரிக்காவில் அவ்வளவுதான். பேப்பர் நாப்கினில் எழுதிக் கொடுத்தாலும் இங்கே பில் பில்தான், எந்த அரசாங்கமும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் கதை வேறு. கம்ப்யூட்டர் படிக்கிற ஃபைலாக இன்வாய்ஸ் போக வேண்டும் என்று ஒவ்வொரு நாடாகச் சட்டம் போட்டுவருகிறார்கள். எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் ஆகவே ஆகாது. ஐரோப்பாவில் கிளை வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இதைச் செய்துகொடுக்கும் மென்பொருள் கம்பெனியில் எனக்கு உத்தியோகம். நான் இருப்பது டெக்ஸாஸ், ரிச்சர்ட்சனில். கூட வேலை பார்க்கும் கணேசன் கலிஃபோர்னியாவில் சான் ரமோன், தலைமை ஆபீஸும் அங்கேதான். இதே துறையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக ஜீவன்களே, வாருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

ஒரு கோழிமுட்டை

எங்கள் மேனேஜர் ஸ்காட் நல்ல மனிதர். தேனிலவுக்கு ஒரு தடவை ஐரோப்பா போயிருக்கிறார். அந்தத் தகுதியில், வெள்ளைப் பலகையில் கோழிமுட்டை மாதிரி ஒரு வட்டம் போட்டு, இதுதான் ஐரோப்பா என்றார். ஒரே சந்தை, ஆகவே ஒரே டெம்ப்ளேட். புது வருஷத்தில் லைவ், அதாவது நிஜ பில்லோடு ஓட்டம், தொடங்கிவிட வேண்டும். அதோடு ஐரோப்பியக் குழுவுக்கு வேலை இல்லை, கலைத்துவிடலாம். லீவு கொடுப்பதுபோல முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

குழு என்றால் நானும் கணேசனும்தான். நான் சிட்டிசன் ஆகிவிட்டவள், இன்னொரு வேலை தேடிக்கொள்வேன். கணேசன் வேலை விசாவில் இருக்கிறவர். வேலை போனால் இரண்டே மாதத்தில் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். வீட்டில் மனைவி மாலதி, பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் அனன்யா. வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தால் ஸ்காட் வேறு டீமில் சேர்த்துக்கொள்வார் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை. மீட்டிங் முடிந்த கையோடு கணேசனிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“அக்கா, எல்லா நாட்டுக்கும் ஒரே ஃபார்மட் ஆயிட்டா நூத்தியெட்டுக் கொழுக்கட்டை பண்ணிப் போடறேன்னு பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டேன். மாலதிதான் பண்ணணும், அவகிட்ட இன்னும் சொல்லலை.”

அனுப்பியாச்சு

எங்கள் முதல் வாடிக்கையாளர் நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் இராசநாயகம் அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆஸ்பத்திரிக் கட்டில்களின் அடியில் மாட்டும் சக்கரம் செய்கிறார். மிலான், ஹாம்பர்க், புடாபெஸ்ட், வார்சா நாலு ஊரிலும் விற்பனைக் கிளை உண்டு. நாலுக்கும் நாங்கள்தான் இன்வாய்ஸ் ஏற்பாடு.

இத்தாலியில் ஒத்திகை. நான் பொத்தானை அமுக்கிவிட்டு “அனுப்பியாச்சு” என்றேன். மிலான் கிளையின் கணக்கர் கியாரா அந்தப் பக்கம் வீடியோவில் இருந்தார். “ஏற்றுக்கொண்டார்களா?” என்று கேட்டார். யார் ஏற்றுக்கொள்ள வேண்டும், வாங்கியவரா என்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வேர்த்துவிட்டது. இத்தாலியில் விற்கிறவர் வாங்குகிறவருக்கு நேராக அனுப்பவே முடியாதாம். அரசாங்கத்தின் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் சோதித்துப் பார்த்து, பிடித்திருந்தால் அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பிடிக்காவிட்டால் தள்ளிவிடுவார்கள். தள்ளிய இன்வாய்ஸ் தப்பான இன்வாய்ஸ்கூட இல்லை. சட்டப்படி அப்படி ஒன்று போடப்படவே இல்லை.

நமக்கோ “ஆச்சு” என்று சொன்னால்தான் ஒரு வேலை முடிந்த திருப்தி. சாப்பிட்டாச்சு, குளிச்சாச்சு, அனுப்பியாச்சு. அந்த “ஆச்சு”வைச் சொல்லும் உரிமையே நமக்குக் கிடையாது என்று ஒரு நாடு சொல்கிறது! கூட்டத்தில் இருந்த அங்கிள்தான் மெல்லக் கேட்டார்.

“அப்ப பிள்ளை, நாங்கள் குடுத்தது குடுத்ததில்லை, கவர்ன்மெண்ட் குடுத்தாத்தான் குடுத்ததோ?”

படிக்க முடிவது இன்வாய்ஸ் அல்ல

ஜெர்மனிக்குப் போனதும் அரசாங்கத்தின் வாசலை எங்கே என்று தேடினோம். கிடையாது. நடுவில் யாருமே இல்லை. நீங்கள் ஈமெயிலில் அனுப்பினால்கூடப் போதும் என்றார்கள். கணேசனுக்குக் கண்ணில் நீர் வராத குறை. உடனே அழகான பிடிஎஃப் ஒன்று தயாரித்து ஹாம்பர்க் கிளை வழியாக ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. இது இன்வாய்ஸ் இல்லை, இன்வாய்ஸின் படம், எங்களுக்குக் கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி வேண்டும் என்று ஒரு வரி.

சரியென்று இன்னும் விசாரித்தால், வெளியே பிடிஎஃப், அதன் வயிற்றுக்குள் ஒரு டேட்டா ஃபைல் என்று இரட்டை வடிவம் ஒன்று அங்கே உண்டாம். மனிதன் வெளியே படிப்பான், கம்ப்யூட்டர் உள்ளே படிக்கும். இரண்டும் வேறு வேறாகச் சொன்னால்? உள்ளே இருப்பதுதான் செல்லும். இதை ஸ்காட்டுக்கு விளக்கி முடித்தேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்:

“அப்படியானால் என்னால் படிக்க முடிவது இன்வாய்ஸ் இல்லை, என்னால் படிக்க முடியாததுதான் இன்வாய்ஸ், அப்படித்தானே?”

காகிதம் உனக்கு, சேதி எனக்கு

ஹங்கேரி இதற்கு நேர் எதிர். அங்கே காகிதத்திலேயே பில் கொடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பில் பிறந்த நிமிஷமே அதில் உள்ள விவரம் அத்தனையும் வரித்துறைக்குத் தானாகப் போய்விட வேண்டும். நடுவில் மனிதக் கை படக் கூடாது. இத்தாலிக்காக எழுதியது இதற்கு உதவாது, ஜெர்மனிக்காக எழுதியதும் உதவாது. கணேசன் மூன்றாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பித்தார். அங்கிளுக்குப் போனில் நான் இதைச் சொன்னபோது மறுபக்கம் கரண்டி விழும் சத்தம் கேட்டது. மதியச் சாப்பாட்டில் இருந்திருக்கிறார்.

“சனம் பிள்ளை பெத்த உடன தகப்பனுக்குச் சொல்ல முதல் கவர்ன்மெண்ட் கச்சேரிக்குச் சொல்லுறமாதிரியெல்லோ இருக்கு!”

மசால் தோசை

கணேசன் ஒத்திகைக்குப் போடும் இன்வாய்ஸ்களில் எப்போதும் டிபன் அயிட்டம்தான் இருக்கும். இத்தாலிக்கு இட்லி, ஜெர்மனிக்குப் பொங்கல். “சக்கரம்னு போட்டா நிஜ பில்லுன்னு யாராவது குழம்பிடுவாங்க அக்கா. தோசைன்னு இருந்தா டெஸ்ட்டுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும்” என்பார். நியாயமாகத்தான் பட்டது.

போலந்திலும் அரசாங்கத்தின் வாசல்தான். ஒத்திகைக்கு ஒரு வாசல், நிஜத்துக்கு ஒரு வாசல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி. அவசரத்தில் கணேசன் எடுத்தது நிஜச் சாவி. மசால் தோசை ஒரு பிளேட், கட்டில் செய்யும் ஒரு கம்பெனியின் பெயரில், நிஜ வாசலுக்குள் போயே போய்விட்டது. போலந்து அரசாங்கம் அதற்கு முறையாக ஒரு நம்பரும் கொடுத்துவிட்டது.

சரி, அழித்துவிடுவோம் என்று பார்த்தால் அழிக்கவே முடியாதாம். ரத்தும் கிடையாது. அந்தக் கட்டில் கம்பெனி எனக்கு வேண்டாம் என்று அந்த வாசலில் திருப்பித் தரவும் வழியில்லை. திருத்த இன்வாய்ஸ் ஒன்று போட்டுத் தொகையைப் பூஜ்யமாக்கலாம். ஆனால் முதலில் போனது போனதுதான், வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இத்தாலியில் நாம் “ஆச்சு” என்றாலும் ஆகவில்லை. போலந்திலோ “ஐயோ, ஆகவில்லை, ஆகவில்லை” என்று கத்தினாலும் ஆச்சு. ஸ்காட் கணேசனைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தவறு நடந்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கணேசன் என்னிடம் வீட்டு வாடகை, அனன்யாவின் பள்ளிக்கூடம், ஊரில் எங்கே தங்குவது என்று தொடர்பில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

வார்சா கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஏவா என்ற அம்மாள் மட்டும்தான் பதறவில்லை. திருத்தம் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். போனை வைப்பதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“இந்த மசாலா தோசை எந்த மாடல்? பிரேக் உள்ளதா, பிரேக் இல்லாததா?”

எந்த ஊர் ராகுகாலம்?

லைவ் போகும் நாள் வந்தது. முதலில் இத்தாலி. புது வருஷத்தில் ஒரு திங்கள்கிழமை. திங்கள் என்றால் காலை ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம். கலிஃபோர்னியா ராகுகாலமா, இத்தாலி ராகுகாலமா என்று கணேசன் ஒரு வாரமாகக் குழம்பினார். கடைசியில், பொத்தானை அமுக்குகிற விரல் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கணக்குத்தான் என்று முடிவெடுத்தார். ஒன்பது மணி தாண்டி அமுக்கினார். மிலானில் அப்போது மாலை ஆறு. கியாரா கோட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

சற்று நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. முதல் இன்வாய்ஸ், தள்ளப்பட்டது. அடுத்ததும் தள்ளப்பட்டது. அதற்கடுத்ததும். அனுப்பியது ஒன்று விடாமல் திரும்பி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரை ஒத்திகையில் தங்கம் தங்கமாகப் போன அதே ஃபைல்!

ஸ்காட் பாதுகாப்புக் குழுவைக் கூப்பிட்டார். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஒப்புதல் வாங்கிய ஃபைலில் இல்லாத ஏதோ ஒரு குறி இன்று காலை முதல் வரிக்கு மேலே நுழைந்திருக்கிறது, என்ன மொழி என்று தெரியவில்லை, வெளியாள் யாரோ உள்ளே புகுந்திருக்கலாம் என்றார்கள். இந்த வகை ஃபைல் “நான் இன்ன ஃபைல்” என்று சொல்லும் வரியோடுதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால்கூட இத்தாலியின் வாசல் திறக்காது. எல்லோரும் இருந்த வீடியோ கூட்டத்தில் அந்தக் குறியைப் பெரிதாக்கித் திரை முழுக்கக் காட்டினார்கள். இரண்டு என்ற எண் வழுக்கி விழுந்ததுபோல் இருக்கிறது என்றார் ஒருவர்.

திரை முழுக்க “உ”.

அதே சமயம் என் போனில் கணேசனின் மெசேஜ்: “அக்கா நான்தான். டெஸ்டுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். நிஜமா ஆரம்பிக்கிறோமேன்னு காலையில போட்டேன்.” நான் என்ன பதில் எழுதுவது என்று விழிப்பதற்குள் அங்கிள் மைக்கைத் திறந்துவிட்டார். “ஐயோ, இது பிள்ளையார் சுழியெல்லோ!” என்று ஒரே சிரிப்பு. ஸ்காட்டிடம் ஆங்கிலத்தில் விளக்கம் வேறு. இது ஹேக்கர் இல்லை, இந்துக்கள் எதை எழுதத் தொடங்கினாலும் தடை வராமல் இருக்க மேலே போடுவது, எனக்கு வரும் கல்யாணக் கார்டுகளில் பாதிக்கு மேல் இது இருக்கிறது என்றார். பிறகுதான் கணேசன் கேமராவைப் போட்டார். தான்தான் சேர்த்தேன், யாரும் உள்ளே புகவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஸ்காட் அந்த “உ”வைச் சுட்டிக் காட்டிக் கேட்டார்.

“தடை வராமல் இருக்கத்தானே இதைப் போட்டீர்கள், இங்கே தடையே இதுதானே?”

பிறக்காத இன்வாய்ஸ்

பாதுகாப்புக் குழு அறிக்கை எழுத வேண்டும் என்றது. முதல் நாளே தவறான இன்வாய்ஸ்கள் போட்டதாக வாடிக்கையாளரின் பெயரில் பதிவாகிவிட்டதே, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டது. கணேசனின் வேலை அந்தக் கேள்வியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒத்திகை நாளில் கியாரா சொன்னது ஞாபகம் வந்தது. “கியாரா, நீங்களே சொல்லுங்கள்” என்றேன்.

கோட்டைக் கழற்றாமலே அந்த அம்மாள் சொன்னார்: தள்ளியது தள்ளியதுதான், அதனால் எதுவும் பதிவாகவில்லை. அந்த எழுத்தை எடுத்துவிட்டு அதே நம்பர், அதே தேதி போட்டு மறுபடி அனுப்புங்கள், சட்டம் அதற்குச் சில நாள் அவகாசமும் தருகிறது. கணேசன் “உ”வை எடுத்தார், அனுப்பினார். ஒவ்வொன்றாக ஏற்கப்பட்டது. எந்த இத்தாலியைத் திட்டித் தீர்த்தேனோ அதே இத்தாலியின் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். தவறு நடந்த நாடு போலந்தாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கக்கூட நான் தயாரில்லை. கணேசன் கியாராவிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அந்த அம்மாள் விடவில்லை.

“பிறக்காத இன்வாய்ஸுக்கு மன்னிப்பு எதற்கு? எனக்கு ரயில் போய்விடும், குட் நைட்.”

திருத்தம்

குழுவைக் கலைக்கும் கூட்டத்துக்கு என்னைச் சான் ரமோனுக்கே வரச் சொல்லிவிட்டார்கள். விமானத்தில் வரும்போதே கணேசனுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அறைக்குள் நுழைந்தால் பலகையில் கோழிமுட்டையைக் காணோம். அதற்குப் பதில் நொறுங்கிய அப்பளம் மாதிரி துண்டு துண்டாக எதையோ வரைந்து வைத்திருந்தார் ஸ்காட். பெல்ஜியத்தில் தபால் நிலையங்கள்போல ஒன்றுக்கொன்று இணைந்த வலை வழியாகப் போக வேண்டும். ஃபிரான்ஸில் அரசாங்கம் அனுமதித்த தனியார் தளங்கள் வழியாக மட்டும்தான் போகலாம். ஸ்பெயினில் பில் போடும் மென்பொருளுக்கே தனிச் சட்டம். ஒவ்வொரு துண்டையும் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தவர், இவர்கள் ஒருநாளும் ஒத்துப்போகப் போவதில்லை, இந்தக் குழு நிரந்தரம் என்றார். கணேசனின் கிரீன் கார்டுக்கு வக்கீலிடம் பேசிவிட்டதாகவும் சொன்னார். கணேசன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து நின்றார்.

அன்று எனக்கு அவர் வீட்டில் சாப்பாடு. மாலதி மசால் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். இது பிரேக் இல்லாத மாடல் என்றேன், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்த கணேசன் துள்ளி எழுந்தார். ஒரு ஐரோப்பிய நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இன்வாய்ஸுக்கெல்லாம் இன்னும் சில வருஷத்தில் ஒரே முறை கொண்டுவரப் போகிறார்களாம். “அக்கா, பிள்ளையார் கண்ணைத் திறந்துட்டார்! மாலதி, நூத்தியெட்டுக் கொழுக்கட்டை!”

“என்ன கொழுக்கட்டை?” என்றாள் மாலதி. அவர் வேண்டுதலைச் சொன்னார். எல்லா நாடும் ஒரே ஃபார்மட் ஆக வேண்டும் என்று மாதக்கணக்கில் வேண்டிக்கொண்டதைச் சொன்னார். சோபாவில் இருந்த அனன்யா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “அப்பா, ஸோ யூ ஆர் ப்ரேயிங் டு கெட் ஃபயர்ட்?” என்றாள்.

தோசைக் கல்லில் மாவு கருகும் வாசனை வந்தது. எல்லாம் ஒரே ஃபார்மட் ஆனால் எங்கள் வேலையே போய்விடும் என்ற கோணத்தில் நாங்கள் இரண்டு பேருமே இத்தனை மாதமாக யோசிக்கவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. “நாளைக்கே கோயிலுக்குப் போய் அந்த வேண்டுதலை டிலீட் பண்ணிட்டு வாங்க” என்று மாலதி அலறினாள். கணேசன் ஈனஸ்வரத்தில், “வேண்டுதல டிலீட் பண்ண முடியாது மாலதி, அது போலந்து மாதிரி” என்றார்.

“அப்ப கரெக்‌ஷன் போடுங்க!”

ஐரோப்பா ஒருநாளும் ஒன்றுபட்டுவிடக் கூடாதே என்று மனமுருக வேண்டிக்கொண்டு நூற்றெட்டுக் கொழுக்கட்டைகளை வேகவைத்த குடும்பம் உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் அது சான் ரமோனில்தான் இருக்கிறது, அதற்குப் பூரணம் கிளறிக் கொடுத்தது நான்தான்.